எடை வேறு, மதிப்பு வேறு
உண்ணல் கோளாற்றோடு வாழ்வோர் தன்மதிப்பை மீட்கும் வழி



கிரியான் ஆற்றங்கரையில் அமைந்த பாரிட் புந்தார், பேராக் மாநிலத்தின் வட எல்லையில் உள்ள நகரம். ஆற்றைக் கடந்தால் கெடா மாநிலத்தின் பண்டார் பாரு. சிறிது தொலைவில் பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால். 1906-ஆம் ஆண்டில் நிறைவுற்ற கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தால் இவ்வட்டாரம் நெல் விளையும் பூமியாகப் பெயர் பெற்றது. முன்பு கரும்பும் பின்னர் ரப்பரும் வளர்ந்த இதன் தோட்டங்களில் நம் முன்னோர் உழைத்தனர். இன்று அத்தோட்டங்களுள் பல எண்ணெய்ப்பனைக்கு மாறிவிட்டன. மாறாதிருப்பது ஒன்று: ஒருவரையொருவர் காணும்போது, "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்கும் நம் வழக்கம்.

அக்கேள்விக்கு உண்மையான மறுமொழி கூற இயலாமல் தலைகுனிபவர்களும் நம்மிடையே உள்ளனர். வீட்டில் சோறு இருக்கும். உண்ண மனம் இடங்கொடாது. வேறு சிலர் பிறர் காணாத வேளையில் அளவு மீறி உண்டுவிட்டு, பிறகு தம்மையே வெறுத்துக் கொள்வர். இதனைத் திமிர் என்றோ, பேராசை என்றோ, பெண்களின் ஒப்பனை ஆசை என்றோ அக்கம்பக்கத்தார் பேசுவதுண்டு. இது உண்ணல் கோளாறு என்னும் நோய். இந்நோய் உடலை வாட்டுவதோடு, "நான் எதற்கும் உதவாதவள்" என்ற எண்ணத்தையும் நெஞ்சில் ஊன்றிவிடுகிறது. இந்நோயோடு வாழும் ஒருவர் தம் தன்மதிப்பை மீட்பது எவ்வாறு, குடும்பத்தார் துணை நிற்பது எவ்வாறு என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

நோயின் மூன்று வடிவங்கள்

முதல் வடிவம் அனோரெக்சியா எனப்படும். இதற்கு ஆளானவர் உணவை நாள்தோறும் குறைத்துக்கொண்டே செல்வார். உடல் மெலிந்த பின்னும் தாம் பருமனாக இருப்பதாகவே நம்புவார். ஹாங்காங்கில் சிங் லீ என்னும் மனநல மருத்துவர் 70 நோயாளிகளை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரையில், அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பருமனைப் பற்றிய அச்சத்தைக் கூறவே இல்லை என்று எழுதினார். வயிறு அடைத்திருக்கிறது, பசியில்லை என்பன போன்ற காரணங்களையே அவர்கள் சொல்லினர். ஆகவே, "மெலிய வேண்டும்" என்று ஒருவர் சொல்லவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டலாகாது.

இரண்டாம் வடிவம் புலிமியா. அடக்க இயலாத வேகத்தில் உண்பதும், பின்னர் அச்சத்தால் உண்டதை வலிந்து வெளியேற்றுவதும் இதன் அடையாளங்கள். இலண்டனில் பணியாற்றிய ஜெரால்ட் ரசல் என்னும் மருத்துவர் 1979-இல் இதற்குப் பெயரிட்டு விளக்கினார். இதற்கு ஆளானோர் பலர் பார்வைக்கு இயல்பான உடலோடு இருப்பர். அதனால் ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரிவதில்லை. வெளியேற்றும் பழக்கத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.

மூன்றாம் வடிவத்தில், அளவு மீறி உண்ணும் வேகம் அடிக்கடி வரும்; வெளியேற்றும் பழக்கம் இராது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதனைத் தனி நோயாக 2013-இல் ஏற்றுக்கொண்டது.

நம் தமிழர்க்கு இத்தகைய துன்பம் முற்றிலும் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்னும் பெண் வருகிறாள். எவ்வளவு உண்டாலும் தணியாத யானைத்தீ என்னும் பெரும்பசியால் அவள் பன்னிரண்டு ஆண்டுகள் அலைகிறாள். மணிமேகலை அவளைப் பழித்து ஒதுக்கவில்லை. அமுதசுரபியிலிருந்து தன் கையால் உணவளித்து அவள் துயரைத் தீர்க்கிறாள். காப்பியம் அப்பசியைச் சாபம் என்று கூறிற்று. இன்றைய மருத்துவம் இத்தகைய துன்பங்களில் சாபத்தையும் காண்பதில்லை, குற்றத்தையும் காண்பதில்லை. ஆயினும் துன்புறுவோரிடம் காட்டவேண்டிய பரிவை அக்காப்பியம் அன்றே காட்டிவிட்டது.

யாருக்கு வரும்?

"இது வெள்ளைக்காரர் நோய், பணக்காரர் நோய்" என்று கருதுவோர் உண்டு. 1981-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மலேசியாவில் மனநல மருத்துவர்களிடம் வந்த ஏறத்தாழ 60,000 நோயாளிகளுள் 30 பேரிடம் மட்டுமே அனோரெக்சியா கண்டறியப்பட்டிருந்தது. அக்காலத்தில் இந்நோய் இங்கு அரிதாகக் காணப்பட்டது உண்மையே. பின்னர் 1990-களில் சென்னை மருத்துவர்கள் கல்லூரி மாணவர்களிடையே ஆய்வு நடத்தியபோது, முழு நோயாக முற்றாவிடினும் உணவையும் உடலையும் பற்றிய கவலையால் துன்புறுவோரைக் கண்டனர்.

காலம் மாறும்போது நோயும் பரவும் என்பதற்குப் பீஜித் தீவு ஒரு சான்று. நிறைந்த உடலையே அழகென்று போற்றிய சமுதாயம் அது. அங்குள்ள நாட்ரோகா என்னும் பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. மெலிவதற்காக உண்டதை வெளியேற்றும் வழக்கம் அப்போது அங்கிருந்த பள்ளி மாணவியரிடம் இல்லை. மூன்றே ஆண்டுகளில், 1998-இல், நூற்றுக்குப் பதினொருவர் அவ்வாறு செய்வதாகக் கூறினர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பெக்கர் என்பவர் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். இன்று நம் தோட்ட வீடுகளில் கைப்பேசி இல்லாத இளைஞர் அரியர். பீஜிப் பெண்கள் தொலைக்காட்சியில் கண்டதை நம் பிள்ளைகள் நாள் முழுவதும் உள்ளங்கையிலேயே காண்கின்றனர்.

இது பெண்களை மட்டும் பற்றுவதும் அன்று. ரிச்சர்ட் மார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் 1689-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய இரு நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஒருத்தி 18 வயதுப் பெண். மற்றவன் 16 வயதுப் பையன்.

பட்டினி மனத்தையும் மாற்றும்

நோயுற்றவர் தம்மையே பழித்துக் கொள்வதற்கு ஒரு காரணம், தம் மனம் பலவீனமானது என்று அவர் நம்புவதாகும். அந்நம்பிக்கை தவறு என்பதைக் காட்டும் ஆராய்ச்சி ஒன்று இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நடைபெற்றது.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர், உடலும் மனமும் நன்கிருந்த 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். அனைவரும் தாமே முன்வந்தவர்கள். 1945-இல் 24 வாரங்கள் அவர்களுக்கு அரை வயிற்று உணவே அளிக்கப்பட்டது. அவர்களுடைய மனநிலை மெல்ல மாறிற்று. எந்நேரமும் உணவைப் பற்றியே பேசினர். சமையற் குறிப்புகளைச் சேகரித்தனர். சிறிதளவு உணவை நெடுநேரம் அளைந்து உண்டனர். நண்பர்களை விட்டு ஒதுங்கினர்; எரிந்து விழுந்தனர்; சோர்வில் ஆழ்ந்தனர். போதிய உணவு கிடைத்த பின்னும் சிலர் நிறைவு காணாமல் மாதக்கணக்கில் மிகுதியாக உண்டனர்.

திடமான இளைஞர்களையே பட்டினி அவ்வாறு மாற்றியதென்றால், உண்ணல் கோளாற்றுக்கு ஆளானவரிடம் தோன்றும் பிடிவாதமும் சினமும் தனிமை விருப்பமும் அவருடைய குணம் என்று எப்படிக் கூறமுடியும்? அவற்றுள் பெரும்பகுதி பட்டினியின் விளைவு. உடலுக்கு உணவு ஒழுங்காகக் கிடைக்கும்போது மனமும் படிப்படியாகத் தெளியும்.

தன்மதிப்பு தேய்வது எவ்வாறு?

ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் நிரையில் நூற்றுக்கணக்கான மரங்கள் நிற்கும். ஒரு மரம் பால் தராவிட்டால் அவர் அன்றைய வரும்படி போயிற்றென்று உட்கார்ந்துவிடுவதில்லை. அடுத்த மரத்துக்குச் செல்கிறார். நம் மதிப்பும் அவ்வாறே பலவற்றிலிருந்து ஊறி வருவது. நல்ல மகளாக, உழைப்பாளியாக, தோழியாக, பாடத் தெரிந்தவளாக, அயலாருக்கு உதவுபவளாக நாம் வாழ்கிறோம். இவை ஒவ்வொன்றும் ஒரு மரம்.

உண்ணல் கோளாறு மற்ற மரங்களையெல்லாம் மறைத்துவிட்டு உடல் எடை என்னும் ஒரே மரத்தைக் காட்டுகிறது. அன்று எடை கூடினால், "நான் வீண்" என்ற தீர்ப்பு. குறைந்தால் சிறிது நேர நிம்மதி. மறுநாள் மீண்டும் அதே அச்சம்.

இந்நோய்க்குக் காரணம் ஒன்று மட்டுமன்று. பிறவியோடு வரும் உடற்கூறு, மனக்கவலை, கடும் உணவுக்கட்டுப்பாடு, வாழ்வில் நேர்ந்த துன்பம் ஆகிய பலவும் சேர்ந்தே இதனை உண்டாக்குகின்றன. அவற்றோடு நம் சொற்களும் சேர்கின்றன. "குண்டு", "பீப்பாய்", "ஒல்லிக்குச்சி", "கறுப்பி" என்று குழந்தைகளை அழைப்பதை நாம் விளையாட்டென்று கருதுகிறோம். திருமண வீட்டில் நான்கு பேர் முன்னிலையில், "என்ன இப்படி ஊதிவிட்டாய்?" என்று கேட்பதை அக்கறை என்று எண்ணுகிறோம். பருவ வயதுப் பிள்ளையின் நெஞ்சில் அச்சொல் முள்ளாய்த் தங்கிவிடக்கூடும்.

நோயில் இருப்பவருக்கும் மதிப்பு உண்டு

"முதலில் குணமடைய வேண்டும், பிறகுதான் நான் மதிப்புடையவள்" என்று நோயுற்றோர் பலர் எண்ணுகின்றனர். இந்த எண்ணமே அவர்களை மருத்துவரிடம் செல்லவிடாமல் தடுக்கிறது. தாம் உதவி பெறுவதற்குத் தகுதியற்றவர் என்று நினைப்பவர் எவ்வாறு உதவி கேட்பார்?

இங்கிலாந்தின் இளவரசி டயானாவின் வாழ்க்கை இதற்குத் தக்க விடையாகும். 1981-இல் திருமணம் புரிந்த அவர், அக்காலந்தொட்டுப் பல ஆண்டுகள் புலிமியாவால் துன்புற்றார். செல்வமும் புகழும் அவரைக் காக்கவில்லை. 1987 ஏப்ரலில் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான பிரிவொன்றை அவர் திறந்து வைத்தார். தொட்டாலே அந்நோய் ஒட்டிக்கொள்ளும் என்று மக்கள் அஞ்சிய காலம் அது. அவர் கையுறை அணியாமலே நோயாளி ஒருவரின் கையைப் பற்றிக் குலுக்கினார். அந்தப் படம் உலகெங்கும் பரவி, மக்களின் அச்சத்தைக் குறைக்க உதவிற்று.

அந்தக் கையை நீட்டியவர் அப்போது நோய் தீர்ந்தவர் அல்லர். தம்மைத் தாமே தாழ்வாக மதித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் நோயோடு போராடிக் கொண்டிருந்தவர். அவரால் விளைந்த நன்மை அதனால் குறைந்துவிட்டதா? இல்லை. பின்னர் அவர் மருத்துவ உதவி நாடி நலம் பெற்றார். 1993 ஏப்ரலில் இலண்டனில் நடைபெற்ற உண்ணல் கோளாறு பற்றிய மாநாட்டில், தன்மதிப்பின் குறைவு இந்நோயோடு பின்னிக் கிடப்பதைப் பற்றி வெளிப்படையாக உரையாற்றினார்.

எனவே, மதிப்பு என்பது குணமான பிறகு கிடைக்கும் பரிசு என்று காத்திருக்க வேண்டியதில்லை. நோயில் இருக்கும்போதே அதனைக் கட்டத் தொடங்கலாம்; அதுவே குணமடைவதற்கும் துணையாகும்.

மதிப்பை மீட்கும் படிகள்

முதலாவது, நோயையும் தம்மையும் பிரித்தறிதல். "நான் கெட்டவள்" என்ற எண்ணம் எழும்போது, "இது நோயின் குரல்" என்று தமக்குத்தாமே கூறிக்கொள்ள வேண்டும். காய்ச்சலில் பிதற்றுபவரின் சொல்லை நாம் அவர் கருத்தாகக் கொள்வதில்லை அன்றோ?

இரண்டாவது, வேளை தவறாமல் உண்ணுதல். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த மருத்துவ முறையில் இதுவே முதன்மையான பயிற்சி. நாளொன்றுக்கு மூன்று வேளை உணவும், இடையிடையே சிற்றுணவும் குறித்த நேரத்தில் உண்ண வேண்டும். நெடுநேரப் பட்டினியே அடக்க இயலாத வேகத்தில் உண்பதற்குத் தூண்டுகோலாகிறது. விடியுமுன் வறக்காப்பி மட்டும் அருந்திவிட்டு வெட்டுக்குச் சென்று, நண்பகலில் வீடு திரும்பும் தொழிலாளி இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ரொட்டியோ அவித்த மரவள்ளிக்கிழங்கோ கையோடு எடுத்துச் சென்று, பால் எடுக்குமுன் ஓய்ந்திருக்கும் வேளையில் உண்ணலாம். குறித்த வேளையில் உண்ட ஒவ்வொரு முறையும், "என்னை நான் பேணினேன்" என்ற நிறைவு பிறக்கும். தன்மதிப்பின் முதற்கல் அதுவே.

மூன்றாவது, எடைக்கருவியிலிருந்து விடுதலை பெறுதல். கொட்டகையில் நம் பாலை நிறுத்துப் பார்ப்பதோடு கிராணி நின்றுவிடுவதில்லை. அதில் உலர் ரப்பர் எவ்வளவு என்றும் சோதிக்கிறார். மழைநீர் கலந்தாலும் வாளியின் எடை கூடும் என்பதை நாம் அறிவோம். பாலின் மதிப்பையே எடை ஒன்றால் அளக்க முடியாதபோது மனிதரின் மதிப்பை அளக்க முடியுமா? நாளுக்குப் பலமுறை நிறுத்துப் பார்ப்பதையும், கண்ணாடி முன் நின்று குறை தேடுவதையும் விட்டுவிட வேண்டும். எடையைக் கவனிக்கும் பொறுப்பு மருத்துவரைச் சார்ந்தது. இன்றைய உடலுக்குப் பொருந்தும் உடையை இன்றே உடுத்துவதும் தம்மை மதிக்கும் ஒரு செயல்தான்.

நான்காவது, மறந்த மரங்களுக்குத் திரும்புதல். ஒரு சிறு குறிப்பேட்டில், உணவோடும் உடலோடும் தொடர்பில்லாத செயல் ஒன்றை நாள்தோறும் எழுதலாம். தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது, கோயிலில் பூத்தொடுத்தது, மிளகாய்ச் செடிக்கு நீர் ஊற்றியது, பக்கத்து வீட்டுப் பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றது என எதுவாகவும் இருக்கலாம். ஒரு மாதம் கழித்துப் படித்துப் பார்த்தால், நோய் மறைத்து வைத்திருந்த மனிதர் அங்கே தென்படுவார்.

ஐந்தாவது, சறுக்கலைத் தோல்வி என்று கருதாமை. ஒரு நாள் பழைய பழக்கம் திரும்பினால், அடுத்த வேளை உணவைக் குறித்த நேரத்தில் உண்ண வேண்டும். ஈடுகட்டுவதற்காகப் பட்டினி கிடந்தால், நோய் மீண்டும் தன் வழிக்கே நம்மை இழுத்துச் செல்லும்.

குடும்பத்தார் கவனத்திற்கு

ஜப்பானியர் ஆட்சியில், 1941-ஆம் ஆண்டின் இறுதி முதல் 1945 வரை, அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் பிழைத்த தலைமுறை நம்முடையது. அந்த நினைவு பாட்டனார் வாயிலாக நம் வீடுகளில் இன்னும் வாழ்கிறது. ஆதலால், இருக்கும் சோற்றை ஒரு பிள்ளை ஒதுக்கும்போது நமக்குச் சினம் வருவது இயல்பே. எனினும், அதட்டலும் அடியும் கெஞ்சலும் இந்நோயைத் தீர்ப்பதில்லை. குடும்பமாக அமர்ந்து உண்ணுங்கள். தட்டைக் காவல் காப்பது போல் பார்க்க வேண்டாம்; வேறு செய்திகளைப் பேசுங்கள். "உடம்பு தேறிவிட்டது" என்ற பாராட்டுகூட நோயுற்றவரின் காதில் "பருத்துவிட்டாய்" என்று ஒலிக்கக்கூடும். அவர் செய்த செயலைப் பாராட்டுவதே நலம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். எல்லாரும் உண்ட பின் மீந்ததை உண்பது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். "என் பசி எல்லார் பசிக்கும் பின்னால்" என்னும் பாடத்தை அதிலிருந்து மகள் கற்றுக் கொள்கிறாள். தாயும் உடன் அமர்ந்து வயிறார உண்பது மகளுக்கு அளிக்கும் நல்ல மருந்து.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. நெடுநாள் உண்ணாமல் மிகவும் மெலிந்தவருக்குத் திடீரென மிகுதியாக ஊட்டலாகாது. போரின் முடிவில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்டோருள் சிலர், ஒரேயடியாக நிறைய உண்டதாலேயே இறந்தனர். அத்தகையவருக்கு மருத்துவரின் மேற்பார்வையில்தான் உணவைக் கூட்ட வேண்டும்.

மருத்துவ உதவி

உண்ணல் கோளாறு உயிரைப் பறிக்கக்கூடியது. புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர் அனோரெக்சியாவின் விளைவால் இதயம் செயலிழந்து 1983 பிப்ரவரி 4-ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 32. மயக்கம், நெஞ்சு படபடப்பு, மாதவிலக்கு நின்றுபோதல், விரைவான மெலிவு, உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காலந்தாழ்த்தலாகாது. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கோ பாரிட் புந்தார் மருத்துவமனைக்கோ செல்லுங்கள். மருத்துவரிடம் எதையும் மறைக்க வேண்டாம். "உண்பதில் எனக்குத் தொல்லை இருக்கிறது" என்ற ஒரு வாக்கியம் போதும். சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய 15555 என்னும் மனநலத் தொலைபேசிச் சேவையும் உண்டு.

மனநல மருத்துவர் என்றவுடன் தஞ்சோங் ரம்புத்தானை நினைத்து அஞ்சுவோர் இன்னும் உள்ளனர். 1911-இல் தொடங்கிய அம்மருத்துவமனை இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்னும் பெயரோடு இயங்குகிறது. மனநல மருத்துவம் அங்குத் தங்கித்தான் பெறவேண்டும் என்பதில்லை. உண்ணல் கோளாற்றுக்கு ஆளானோருள் பலர் வீட்டிலிருந்தபடியே வந்துபோய்ச் சிகிச்சை பெறுகின்றனர்.

பொறுமை வேண்டும்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நோயுற்ற பெண்களை நெடுங்காலம் கவனித்து வந்த ஆய்வொன்று 2017-இல் வெளியிடப்பட்டது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அனோரெக்சியாவுக்கு ஆளானோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே குணமடைந்திருந்தனர். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்திருந்தது. ஒன்பதாம் ஆண்டில், "இனி இவள் தேறமாட்டாள்" என்று கைவிடப்பட்டிருந்தால் அப்பெண்களின் கதி என்னவாகியிருக்கும்? காலம் நீளலாம், வழி அடைபட்டுவிடவில்லை.

மாதர் குழுக்களும் இளைஞர் மன்றங்களும் இப்பாடத்தைப் படித்துப் பின்வரும் வினாக்களைக் கலந்துரையாடலாம்.

1. உடலைக் குறித்த பட்டப்பெயர்கள் நம் தோட்டத்தில் எவை? அவற்றை ஒழிக்க யார் முதலில் முன்வரவேண்டும்?
2. வேலைக்குச் செல்வோர் காலை உணவைத் தவறவிடாமலிருக்க என்ன ஏற்பாடு செய்யலாம்?
3. நம் வீட்டில் கடைசியாக உண்பவர் யார்? ஏன்?
4. நோயுற்ற ஒருவரிடம் நாளை நாம் பாராட்டக்கூடிய செயல் எது?

இந்நோயோடு இதனைப் படிக்கும் அன்பரே, உம் மதிப்பு இன்று காலை எடைக்கருவி காட்டிய எண்ணில் இல்லை. உம்மை நம்பும் ஒருவரிடம் இன்று மாலையே மனம் திறந்து பேசுவீராக. அடுத்த வேளை உணவை அவரோடு அமர்ந்து உண்பீராக.